பெட்டியைப் பிரித்தால் பிடித்தமா?

நுகர்வோர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒரே பேச்சுதான். வாங்கிய எலக்ட்ரானிக் பொருளைத் திருப்பிக் கொடுத்தேன், கடைக்காரர் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டார் என்கிறார்கள். ரீஸ்டாக்கிங் சார்ஜ் என்று பில்லில் வரும். பிரித்த பொருளைச் சோதித்து, துடைத்து, மறுபடி விற்பனைக்கு வைக்க ஆகும் செலவுக்காக என்று கடைகள் சொல்லும். இந்தப் பகுதியை எழுத வருவதற்கு முன்னால் ஒன்பது வருடம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையின் ரிட்டர்ன் கவுண்டரில் நின்றவள் நான். இந்தப் பிடித்தத்தை நானே எத்தனையோ முறை போட்டிருக்கிறேன். எது நியாயமான பிடித்தம், எது இல்லை என்பதைக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்ததை வைத்தே சொல்கிறேன்.

*

கேள்வி: அக்கா, புது லேப்டாப் வாங்கி மூன்று நாள்தான் ஆனது. சார்ஜரைச் செருகிக்கொண்டு வேலை பார்த்தால் அரை மணி நேரத்தில் தானாக அணைந்துவிடுகிறது. கடைக்குக் கொண்டுபோனேன். பத்து நிமிடம் ஓட விட்டுப் பார்த்துவிட்டு, "நன்றாகத்தானே இருக்கிறது" என்றார்கள். எனக்கு வேண்டாம், பணத்தைக் கொடுங்கள் என்றேன். 15 சதவீதம் ரீஸ்டாக்கிங் சார்ஜ் கழித்துக்கொண்டு மீதியைக் கார்டில் போட்டார்கள். ஒரு சீட்டில் கையெழுத்தும் வாங்கினார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் அதில் "காரணம்: வாடிக்கையாளர் விருப்பம்" என்று இருக்கிறது. கையெழுத்துப் போட்ட பிறகு ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: முடியும் அம்மா. அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கிற அந்த ஒரு வரியைப் பற்றித்தான் நீங்கள் கடையோடு பேசப்போகிறீர்கள்.

கவுண்டரில் என்ன நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் இருக்கிற சீரியல் நம்பரை ஸ்கேன் செய்ததும் கம்ப்யூட்டர் காரணம் கேட்கும். நான் வேலை பார்த்த கடையில் நான்கு காரணங்கள் இருந்தன: பழுது, தவறான பொருள், பாகம் குறைவு, வாடிக்கையாளர் விருப்பம். "பழுது" என்று போட்டால் இன்னொரு திரை வரும். என்ன பழுது, யார் சோதித்தது, எத்தனை நேரம் சோதித்தது, தயாரிப்பாளருக்கு அனுப்பும் எண் என்ன என்று ஏழெட்டுக் கட்டம் நிரப்ப வேண்டும். "விருப்பம்" என்று போட்டால் ஒரே தட்டு, வேலை முடிந்தது. பிடித்தத்தை கம்ப்யூட்டரே கழித்துவிடும். பின்னால் ஆறு பேர் வரிசையில் நிற்கும்போது கை தானாக அங்கேதான் போகும்.

என் கையும் போயிருக்கிறது. ஒரு பெரியவர் டேப்லெட் கொண்டுவந்தார். "தொட்டால் சில நேரம் எடுக்க மாட்டேன் என்கிறதும்மா" என்றார். நான் திரையின் நடுவில் நாலு முறை தட்டிப் பார்த்தேன். நன்றாக வேலை செய்தது. விருப்பம் என்று போட்டுவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரம் உள்ளே சோதனை மேசையில் இருந்தவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். திரையின் அடியில் ஒரு விரல் அகலத்துக்குத் தொடுகையே இல்லை. மேலாளரிடம் சொல்லி, பிடித்த பணத்தை அவருக்குத் திருப்பி அனுப்ப வைத்தேன். அவர் அதற்குப் பிறகு கடைக்கு வரவே இல்லை. இன்றைக்கும் அது எனக்கு உறுத்தல்தான். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது இதுதான். நல்ல பொருளை, மனம் மாறி, வேண்டாம் என்று திருப்பித் தருவது ஒன்று. பழுதான பொருளைத் திருப்பித் தருவது வேறு. ரீஸ்டாக்கிங் சார்ஜுக்கு ஏதாவது நியாயம் இருந்தால் அது முதல் வகைக்குத்தான். பழுதான பொருளை விற்றது கடை. அதைச் சரிசெய்கிற செலவை வாங்கியவர் தலையில் கட்டுவதற்கு வழியில்லை. சட்டமும் இப்படித்தான் பார்க்கிறது. பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பழுதான பொருளை 30 நாளுக்குள் நிராகரித்தால் முழுப் பணமும் வர வேண்டும். இந்தியாவில் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பதை முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் கால அளவு எழுதியிருந்தால் அந்த அளவுக்குள், எழுதாவிட்டால் 30 நாளுக்குள் தர வேண்டும்.

ஆகவே, "15 சதவீதம் அதிகம், கொஞ்சம் குறையுங்கள்" என்று பேசப் போகாதீர்கள். பேரம் பேச ஆரம்பித்தால் அது விருப்பத் திருப்பல்தான் என்று நீங்களே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். "காரணம் தவறாகப் பதிவாகியிருக்கிறது, திருத்துங்கள்" என்று கேளுங்கள். காரணம் மாறினால் பிடித்தத்துக்கு இடமில்லை.

வாயால் கேட்பதைவிட எழுதிக் கேளுங்கள். மின்னஞ்சல் போதும். இவ்வளவுதான் எழுத வேண்டும்:

"இந்தத் தேதியில், இந்த பில் எண்ணில் வாங்கிய லேப்டாப்பை, சார்ஜ் ஏறும்போது அரை மணி நேரத்தில் அணைந்துவிடுகிறது என்ற பழுதைச் சொல்லி மூன்றாம் நாள் திருப்பிக் கொடுத்தேன். உங்கள் ஊழியர் பத்து நிமிடம் மட்டுமே சோதித்தார். ரசீதில் வாடிக்கையாளர் விருப்பம் என்று தவறாகப் பதிவாகியுள்ளது. காரணத்தைத் திருத்தி, பிடித்த 15 சதவீதத்தை 14 நாளுக்குள் அதே கார்டில் செலுத்துங்கள். இந்த சீரியல் எண்ணுள்ள லேப்டாப்பைத் திரும்பப் பெற்ற பின் நீங்கள் செய்த சோதனையின் பதிவையும் அனுப்புங்கள்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அரை மணி நேரத்தில் வரும் பழுதைப் பத்து நிமிடத்தில் யாரும் கண்டுபிடிக்க முடியாது. சார்ஜரைச் செருகிச் சோதித்தார்களா என்பதும் உங்கள் கடிதத்தில் இல்லை. ஞாபகம் இருந்தால் அதையும் எழுதுங்கள். திரும்பி வந்த லேப்டாப்பை அப்படியே அலமாரியில் வைக்க முடியாது. உள்ளே ஒருவர் அதை மணிக்கணக்கில் ஓட விட்டுப் பார்ப்பார். அது அணைந்திருந்தால் அங்கே ஒரு குறிப்பு இருக்கும். அந்தக் குறிப்பை எழுத்தில் கேட்கும் வாடிக்கையாளரிடம் கடை வேறு மாதிரித்தான் பேசும். எங்கள் மேலாளர் இப்படிப்பட்ட கடிதம் வந்தால் முதலில் சோதனை மேசைக்குத்தான் போவார்.

உங்களிடம் வீடியோ ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். "இதோ மறுபடி அணைந்துவிட்டது" என்று யாருக்காவது அனுப்பிய செய்தி இருந்தாலும் போதும். தேதியும் நேரமும் அதில் இருக்கும். அது நல்ல சாட்சி.

கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன். மீதிப் பணத்தைப் பெற்றுக்கொண்டதற்கு அது அடையாளம். பழுதே இல்லை என்று நீங்கள் ஒப்புக்கொண்டதாக அதை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். கடை அப்படிச் சொல்லிப் பார்க்கும், சொல்லட்டும். மற்ற வாசகர்களுக்கு ஒன்று. சீட்டை நீட்டியதும் காரணம் என்ற கட்டத்தைப் படித்துவிட்டு, தவறாக இருந்தால் கையெழுத்துக்கு மேலேயே "பழுது காரணமாகத் தருகிறேன், பிடித்தத்தை ஏற்கவில்லை" என்று பேனாவால் எழுதிவிடுங்கள். அதைத் தடுக்க எந்த ஊழியருக்கும் அதிகாரம் இல்லை. எழுதியதும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கடை பதிலே தராவிட்டால் அடுத்தது கார்டு கொடுத்த வங்கி. இங்கே பலர் ஒரு தவறு செய்கிறார்கள். முழு விலையையும் எதிர்த்துப் புகார் கொடுக்கிறார்கள். மீதிப் பணம் ஏற்கெனவே வந்துவிட்டதே என்று கடை காட்டும், புகார் விழுந்துவிடும். பிடித்த தொகையை மட்டும் குறிப்பிட்டுக் கேளுங்கள். பொருள் கடையிடம் போய்விட்டது என்பதற்கு அந்தச் சீட்டையே இணையுங்கள். நாட்களை எண்ணிக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி, கிரெடிட் கார்டு பில்லில் தவறு இருந்தால் அந்த பில் அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். திருப்பிக் கொடுத்த பொருளுக்கு வரவு வைக்காததும் அந்தத் தவறுகளில் சேரும். மற்ற இடங்களில் வங்கிக்கு வங்கி கணக்கு மாறும் என்பதால் கடையின் பதிலுக்காக மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள்.

அதற்கும் மேல் நுகர்வோர் மன்றம். இந்தியாவில் இருக்கிறவர்கள் முதலில் 1915 என்ற உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம். பல கடைகள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடும். மாவட்ட ஆணையத்துக்குப் போவதாக இருந்தால் இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம்.

*

கேள்வி: ஒரு கேமரா வாங்கினேன். பழுது ஒன்றும் இல்லை, கைக்குக் கனமாக இருந்தது, அவ்வளவுதான். இரண்டாம் நாளே திருப்பிக் கொடுத்தேன். 20 சதவீதம் கழித்துவிட்டார்கள். கேட்டால் பில்லின் பின்பக்கத்தைக் காட்டுகிறார்கள். கண்ணுக்கே தெரியாத எழுத்தில் அங்கே இருக்கிறது. இது செல்லுமா மேடம்?

பதில்: உங்களுக்கு முழு ஆறுதல் தர என்னால் முடியாது. கடைக்கு நேரில் போய், பார்த்து, கையில் எடுத்து வாங்கிய நல்ல பொருளை மனம் மாறித் திருப்பும் உரிமை பெரும்பாலான இடங்களில் சட்டத்தில் இல்லை. அது கடை தரும் சலுகை. சலுகைக்கு நிபந்தனை போட அவர்களுக்கு இடம் உண்டு.

ஆனால் அந்த நிபந்தனையை எப்போது சொன்னார்கள் என்பது முக்கியம். பில் உங்கள் கைக்கு எப்போது வந்தது? பணம் கொடுத்த பிறகு. அதாவது வியாபாரம் முடிந்த பிறகு. அப்போது காட்டிய நிபந்தனையை நீங்கள் ஏற்றுக்கொண்டு வாங்கினீர்கள் என்று எப்படிச் சொல்ல முடியும்? நியூயார்க் மாநிலச் சட்டம் இதைத் தெளிவாகவே வைத்திருக்கிறது. பொருளின் மேலோ, பணம் கட்டும் இடத்திலோ, அங்கிருந்து தெரியும்படியோ, கடை வாசலிலோ திருப்பல் விதியை எழுதி வைக்க வேண்டும். ரீஸ்டாக்கிங் சார்ஜ் உண்டென்றால் அதையும் சொல்ல வேண்டும். கலிஃபோர்னியாவிலும் முழுப் பணம் தராத கடை அதை வாங்குபவர் கண்ணில் படும்படி வைத்தாக வேண்டும். இரண்டு இடத்திலும் பில்லின் பின்பக்கம் அந்தப் பட்டியலில் இல்லை.

எனவே கடைக்குப் போய், அந்த அறிவிப்பு எங்கே இருக்கிறது என்று முதலில் தேடிப் பாருங்கள். வாசல், கல்லா, கேமரா வைத்திருந்த அலமாரி என்று மூன்று இடத்தையும் பாருங்கள். இல்லையென்றால் போட்டோ எடுத்துக்கொண்டு மேலாளரைப் பார்க்கக் கேளுங்கள். கவுண்டரில் நிற்கிற பெண்ணோடு சண்டை போடாதீர்கள். அவருக்குப் பிடித்தத்தை நீக்கும் பாஸ்வேர்டே கிடையாது. நானும் அந்த இடத்தில் நின்றுதான் சொல்கிறேன், மேலாளர் விரலை வைத்தால்தான் அந்தக் கட்டம் திறக்கும்.

அறிவிப்பு கண்ணில் படும்படி இருந்தது என்றால், கடைக்குச் செலவு இருக்கிறது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். பிரித்த கேமராவைப் புதிது என்று விற்க முடியாது. லென்ஸ், பேட்டரி, வார், கையேடு எல்லாம் இருக்கிறதா என்று எண்ண வேண்டும். எத்தனை படம் எடுத்திருக்கிறது என்று உள்ளே கணக்கு இருக்கும், அதைப் பார்க்க வேண்டும். அப்புறம் ஓப்பன் பாக்ஸ் என்று சீட்டு ஒட்டி விலையைக் குறைத்து வைக்க வேண்டும். இதற்கு ஒரு தொகை கேட்பதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன். 20 சதவீதம் என்பதுதான் எனக்கு மிகை. "நான் எடுத்தது இத்தனை படம்தான், எல்லாப் பாகமும் உறையோடு இருக்கிறது, அதே கடையில் எடை குறைந்த கேமரா எடுத்துக்கொள்கிறேன், பிடித்தத்தை விட்டுவிடுங்கள்" என்று கேளுங்கள். பணம் வெளியே போகாத பேரத்துக்கு மேலாளர்கள் சீக்கிரம் சம்மதிப்பார்கள். இந்த ஒரு இடத்தில் பேரம் பேசுவதுதான் சரி.

*

கேள்வி: நான் ஐரோப்பாவில் இருக்கிறேன். ஆன்லைனில் காதை மூடும் ஹெட்போன் வாங்கினேன். ஒரு மாலை போட்டுக் கேட்டேன், பிடிக்கவில்லை. ஐந்தாம் நாள் அனுப்பிவிட்டேன். "சுகாதாரக் காரணம், உறை பிரிக்கப்பட்டது" என்று சொல்லி 25 சதவீதம் கழித்திருக்கிறார்கள். காதில் போடாமல் ஹெட்போனை எப்படிப் பார்ப்பது?

பதில்: உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. நேரில் பார்க்காமல் வாங்கியதால் உங்களுக்கு 14 நாள் அவகாசம் தந்திருக்கிறார்கள். 2011ஆம் ஆண்டு ஐரோப்பிய நுகர்வோர் உரிமை ஆணை அது. காரணம் சொல்லத் தேவையில்லை. பொருளின் தன்மையையும் அது வேலை செய்வதையும் தெரிந்துகொள்ளத் தேவையான அளவுக்குக் கையாளலாம். அதற்கு மேல் கையாண்டு மதிப்புக் குறைந்தால் மட்டுமே, குறைந்த அளவுக்குக் கழிக்கலாம். கடையில் மாதிரிக்கு வைத்திருக்கும் ஹெட்போனை என்ன செய்வீர்கள்? தலையில் மாட்டி ஒரு பாட்டுக் கேட்பீர்கள். அந்த அளவு வீட்டிலும் செய்யலாம். எல்லாருக்கும் 25 சதவீதம் என்று ஒரே கோடு போடுவது இந்த விதியோடு ஒட்டாது. உங்கள் ஹெட்போனில் எது எவ்வளவு குறைந்தது என்று அவர்கள் காட்ட வேண்டும்.

சுகாதாரக் காரணம் என்று ஒரு விலக்கு இருப்பது உண்மைதான். உறையிட்ட, உடல்நலம் அல்லது சுகாதாரம் கருதித் திரும்ப எடுக்க முடியாத பொருளின் உறையைப் பிரித்துவிட்டால் திருப்பும் உரிமை போய்விடும். ஆனால் அந்த விலக்கை எல்லாவற்றுக்கும் நீட்ட முடியாது. ஆன்லைனில் வாங்கிய மெத்தையின் பாதுகாப்பு உறையைப் பிரித்துவிட்டார் ஒருவர். சுத்தம் செய்து மறுபடி விற்க முடிகிற பொருள் அது, உரிமை போகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019இல் சொன்னது. மெத்தைக்கே அப்படி என்றால், துடைக்கவும் கழற்றி மாற்றவும் முடிகிற காதுப் பஞ்சுக்கு எப்படி மறுப்பது? இதைத்தான் நீங்கள் எழுதிக் கேட்க வேண்டும். காதுக்குள் செருகும் இயர்பட்ஸ் என்றால் நான் இவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். அங்கே கடை பக்கமும் வாதம் இருக்கிறது.

இன்னொரு பழைய தீர்ப்பும் உங்களுக்கு உதவும். ஆன்லைனில் வாங்கிய பழைய லேப்டாப் ஒன்று எட்டு மாதம் கழித்துத் திரை பழுதானது. திருப்பும் உரிமையைப் பற்றி விற்றவர் ஒழுங்காகத் தெரிவிக்காததால் அந்த அவகாசம் இன்னும் முடியவில்லை என்று வாங்கியவர் வாதாடினார். பயன்படுத்தியதற்கு வாடகை போலப் பணம் கேட்டார் விற்றவர். பொதுவாக அப்படிக் கேட்க வழிசெய்யும் உள்நாட்டுச் சட்டம் ஐரோப்பிய விதிக்கு ஒத்துவராது என்று 2009இல் தீர்ப்பு வந்தது. அடிப்படை இதுதான்: திருப்பும் உரிமைக்கு விலை வைத்தால் யாரும் திருப்ப மாட்டார்கள், உரிமை பேருக்குத்தான் இருக்கும்.

உங்களுக்கு வந்த ஆர்டர் மின்னஞ்சலை எடுத்து, திருப்பும் உரிமையைப் பற்றி அதில் ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதவே இல்லை என்றால் 14 நாள் அவகாசம் இன்னும் 12 மாதம் நீளும். மதிப்புக் குறைவு என்று ஒரு காசும் கழிக்க முடியாது. முதல் முறை அனுப்பிய சாதாரண டெலிவரி செலவையும் அவர்கள் திருப்பித் தர வேண்டும். அதையும் சேர்த்துக் கேளுங்கள். பலர் மறந்துவிடுகிறார்கள்.

*

கேள்வி: பில் தொலைந்துவிட்டது. பில் இல்லாததால் பிடித்தம் போடுவோம் என்கிறார்கள். சரியா?

பதில்: பில் வாங்கியதற்குச் சாட்சி, அவ்வளவுதான். அந்தச் சாட்சி வேறு இடத்திலும் இருக்கும். கார்டு ஸ்டேட்மென்டில் தேதியும் தொகையும் இருக்கும். பெட்டியில் உள்ள சீரியல் நம்பரை அவர்கள் கம்ப்யூட்டரில் அடித்தால், எந்தத் தேதியில், எந்த பில்லில் விற்றது என்று வந்துவிடும். பல கடைகளில் உங்கள் செல்போன் நம்பரை வைத்தும் எடுக்கலாம். "நகல் பில் போட்டுக் கொடுங்கள்" என்று கேளுங்கள். நான் அதை ஒரு நாளில் பத்துப் பேருக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன், ஒரு நிமிட வேலை.